டார்ச்லைட்டுகளை அணைத்த பிறகு

நாலைந்து வருடங்களுக்கு முன், வருடக் கடைசி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் நடந்தது இது. இடம், மலாக்கா மாநிலத்தில் செலண்டார் பக்கம். எங்கள் வீடு, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வரிசை வீடு. பின்பக்க வேலியைத் தாண்டினால் தோட்டம் ஆரம்பித்துவிடும். அப்புறம் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் செம்பனைதான்.

அந்த மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போனதால், எங்கள் வரிசையில் இருக்கும் ஆண்களுக்கெல்லாம் டார்ச்லைட் பைத்தியம் பிடித்திருந்தது. ஒருவர் ஆன்லைனில் ஒன்று வாங்கினால், அடுத்தவர் அதைவிடப் பெரிதாக ஒன்று வரவழைப்பார். சாயங்காலமானால் வாசலில் நின்று யாருடையது தூரம் போகிறது என்று தோட்டத்துக்குள் அடித்துப் பார்ப்பார்கள். அதில் ஜெயித்தவர் என் வீட்டுக்காரர். அவர் வாங்கியதை வானத்துக்கு அடித்தால் மேகத்தில் வட்டம் விழும். வீட்டுக்குள் அடித்தால் கண் கூசி யாருக்கும் எதுவும் தெரியாது. கரண்ட் போன நேரத்தில் நான் என் ஹேண்ட்போன் வெளிச்சத்தில்தான் சோறு போடுவேன்.

"வீட்டுல பொழங்கறதுக்கு எதுக்குங்க இவ்ளோ வெளிச்சம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஆத்திர அவசரத்துக்கு வேணும்லா. சின்ன லைட்ட வச்சிக்கிட்டு என்னா செய்யறது?" என்றார்.

அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

எங்களோடு என் நாத்தனாரும் இருக்கிறாள். வீட்டுக்காரரின் ஒரே தங்கை. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. செலண்டார் டவுனில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறாள். அவள் கைக்கென்றே ஜாசினிலிருந்து ஆட்கள் வருவார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டினால் அண்ணனைவிட வேகம். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அவளோடு பேசத் தெரியாது. அவளே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அவள் கன்னத்தில் குழி விழும் என்பதால், சுட்டுவிரலைக் கன்னத்தில் வைத்துத் திருகினால் அது அவள் பெயர். நான் பெரிய பொட்டு வைப்பேன் என்பதால், நெற்றியில் வட்டம் போட்டால் அது நான். அவள் அறைக்குள் இருக்கும்போது கூப்பிட வேண்டுமென்றால் வெளியிலிருந்து சுவிட்சை இரண்டு தடவை அணைத்துப் போடுவோம். அவளும் யாரையாவது கூப்பிட அதையேதான் செய்வாள்.

அன்றைக்கு நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோதே வானம் கறுத்திருந்தது. 'கிளம்பிட்டேன் அண்ணி' என்று அவளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. அது தினமும் வருவதுதான். மழை வலுத்தது. எங்கேயாவது ஒதுங்கி நிற்பாள் என்று நினைத்து, 'எங்க இருக்க?' என்று அனுப்பினேன். ஒற்றை டிக்தான் விழுந்தது. அரிசி களைந்து வைத்துவிட்டு வந்து பார்த்தேன். ஒற்றை டிக். குழம்பு கொதித்ததும் இறக்கிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் அப்படியே இருந்தது.

வீட்டுக்காரர் ரோட்டு வழியாகத் தேடிக்கொண்டு போனார். பாதி வழியில் ஒரு மரம் விழுந்து வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. அதில் அவளுடைய மோட்டார் இல்லை. தோட்டத்து கேட்டில் இருந்த காவல்காரரைக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. "காது கேக்காத பொண்ணுதானே? இப்படித்தான் உள்ள போச்சு. மரம் விழுந்த ரோடு வேணாம்னு தோட்டத்து வழியா போகுதுன்னு நெனச்சேன். இன்னுமா வீட்டுக்கு வரல?" என்றாராம்.

தோட்டத்து வழி எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து முடியும். நானும் வீட்டுக்காரரும் இரண்டு முனையிலிருந்தும் அந்தச் செம்மண் பாதையில் போய்ப் பார்த்தோம். நடுவில் ஓரிடத்தில் பாதையே தெரியாமல் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்துத் திரும்பி, உள்ளே போகும் கிளைப் பாதை ஏதோ ஒன்றில் அவள் நுழைந்திருக்க வேண்டும். தோட்டத்துக்குள் அப்படிப்பட்ட பாதைகள் கணக்கில்லாமல் இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

அதற்குள் இருட்டிவிட்டது. தீயணைப்புப் படைக்கு, இங்கே பொம்பா என்போம், போன் போட்டோம். அன்றைக்கு எங்கெங்கோ வெள்ளம் என்பதால், வந்து சேரக் கொஞ்ச நேரமாகும் என்றார்கள். அதுவரைக்கும் சும்மா நிற்க முடியுமா? எங்கள் வரிசை வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிற அண்ணன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். கடைசி வீட்டில் இருக்கும் மலாய்க்காரர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஆளுக்கொரு டார்ச்லைட். வாசலில் போட்டி போட்ட அத்தனை லைட்டும் அன்றைக்குத் தோட்டத்துக்குள் இறங்கியது. என் வீட்டுக்காரர் தன்னுடைய பெரிய லைட்டை என் கையில் கொடுத்துவிட்டு, பழைய டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினோம். கொஞ்ச தூரம் போனதும் என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். "நாம எதுக்குக் கத்துறோம்? அதுக்குத்தான் காது கேக்காதே," என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

சத்தம் போகாத இடத்துக்கு வெளிச்சம் போகும் என்று எனக்குத் தோன்றியது. கையிலிருந்த லைட்டை முழு அளவில் வைத்து நாலா பக்கமும் சுழற்றினேன். அவள் எங்கே இருந்தாலும் இது கண்ணில் படாமல் போகாது என்று நம்பினேன்.

மழை தூறலாக மாறியிருந்தது. அந்தத் தூறலில் லைட் அடித்தால் எதிரே வெள்ளைத் துணி கட்டியது போல இருக்கும். ஒவ்வொரு துளியும் மின்னும், அதற்குப் பின்னால் இருப்பது தெரியாது. வெட்டிப்போட்ட மட்டைகளில் பட்டு வெளிச்சம் திரும்பவும் நம் கண்ணிலேயே அடிக்கும். பால் மரம் வெட்டுகிற அண்ணன் ஏதாவது கேட்கத் திரும்பினால் அவர் தலை லைட் நேராக முகத்தில் விழும். "அண்ணே, தலையத் திருப்புங்கண்ணே!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

ஒரு கிளைப் பாதை பிரியும் இடத்தில் பிரிந்து தேடினோம். நான் சந்தியிலேயே நின்று வெளிச்சத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். லைட் கை சுடும் அளவுக்குச் சூடாகியிருந்தது. திடீரென்று மங்கியது. ஒரு தடவை துடித்தது. அணைந்துவிட்டது. பட்டனை அமுக்கினேன், தட்டினேன், உதறினேன். அவ்வளவுதான், பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் தூக்கி எறியப் பார்த்தேன்.

எறியாமல் அப்படியே இருட்டில் நின்றேன். முதலில் என் கை எனக்கே தெரியவில்லை. அப்புறம் மெல்ல மரங்கள் தெரிந்தன. மரங்களுக்கு நடுவே வானத்தின் சாம்பல் நிறம் தெரிந்தது. அப்போது இடது பக்கம், ரொம்ப உள்ளே, தரையோடு தரையாக ஒரு வெளிச்சம். ஊசி முனை அளவுதான். மின்மினி என்று நினைத்தேன். ஆனால் அது பறக்கவில்லை. ஒரே இடத்தில் இருந்தது.

அடுத்த நொடி யாரோ ஒருவருடைய டார்ச் அந்தப் பக்கம் திரும்பியது. வெள்ளை வெளிச்சம் பரவி மரங்களெல்லாம் பளிச்சென்று நின்றன. அந்தப் புள்ளியைக் காணோம். டார்ச் விலகியது. எனக்குக் கண் இருட்டிப்போயிருந்தது.

"லைட்ட அடைங்க!" என்று கத்தினேன். "எல்லாரும் லைட்ட அடைங்க! பாக்சிக், துதுப் லம்பு! செமுவா துதுப்!"

"என்னா சொல்ற நீ? லைட்ட அடச்சிட்டு எப்படித் தேடறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் பார்த்தேங்க. ஏதோ வெளிச்சம் இருக்கு. நம்ம லைட்டுதான் அத மறைக்குது. கொஞ்ச நேரம் அடைங்க, கும்பிட்டுக் கேக்கறேன்."

ஒவ்வொன்றாக அணைந்தது. கடைசியாகத் தலை லைட்டும் அணைந்தது. அப்படிப்பட்ட இருட்டில் நான் அதுவரைக்கும் நின்றதில்லை. மட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தமும், எங்கோ கால்வாயில் தண்ணீர் பாய்கிற சத்தமும்தான் கேட்டன. எல்லோரும் நான் காட்டிய பக்கமே பார்த்தோம்.

ஒன்றுமில்லை.

"கண்ணு ஏமாத்தியிருக்கும்மா," என்றார் பால் மரம் வெட்டுகிற அண்ணன், மெதுவாக.

எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் தோன்றியது. அந்த மாதத்தில் தோட்டத்தில் செம்பனைக் குலை திருடுகிறவர்கள் புகுந்து, பார்த்தவரை அடித்த கதையை நாங்கள் எல்லோரும் பேசியிருந்தோம். அவளிடமும் நான்தான் சொல்லியிருந்தேன். அவள் இடத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? கண்ணைப் பறிக்கிற வெளிச்சங்கள் நாலா பக்கமிருந்தும் வருகின்றன. அவற்றுக்குப் பின்னால் இருப்பது அண்ணனா திருடனா என்று எப்படித் தெரியும்? நாங்கள் கூப்பிட்ட பெயர் அவளுக்குக் கேட்காது. பயந்து தன் லைட்டை அணைத்திருக்கலாம். நம் டார்ச்லைட் அவளை நமக்குக் காட்டலாம், நம்மை அவளுக்குக் காட்டாதே.

"உங்க லைட்ட என் மேல அடிங்க," என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பக்கத்துலேர்ந்து. என் முகமும் கையும் தெரியணும்."

அவர் அடித்தார். எனக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. "கொறைங்க, கொறைங்க. இப்படி அடிச்சா அவ பதில் சொன்னாலும் எனக்குத் தெரியாது." பழைய டார்ச்சாக இருந்தாலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி அதில் இருந்தது. ஒவ்வொரு படியாகக் குறைத்தார். கடைசிப் படியில், என் கைகள் தெரிந்தன, எதிரே இருட்டும் இருட்டாகவே இருந்தது. "போதும், இதான்," என்றேன்.

நெற்றியில் பெரிய வட்டம் போட்டேன். நான். கன்னத்தில் விரலை வைத்துத் திருகினேன். நீ. அதையே திரும்பத் திரும்பச் செய்தேன். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காகக் கையை அகல விரித்து, கூத்தாடுவது போல ஆட்டினேன். நான், நீ. நான், நீ.

அப்போது அந்தப் புள்ளி எரிந்தது.

முதலில் பார்த்த அதே இடம். எரிந்தது, அணைந்தது, எரிந்தது. பிறகு அணைந்து, மறுபடியும் எரிந்தது. எங்கள் வீட்டுச் சுவிட்சை இரண்டு தடவை போடுவோமே, அதே மாதிரி. அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கூப்பிடுது. தங்கச்சி நம்மள கூப்பிடுது," என்றார்.

"சுடா ஜும்பா!" என்று பாக்சிக் கத்தினார். கிடைத்துவிட்டாள் என்று அர்த்தம். அந்தக் குரல் தோட்டத்துக்கே கேட்டிருக்கும்.

எல்லோரும் ஓடினோம். டார்ச்சை யாரும் தூக்கி அடிக்கவில்லை. இந்தத் தடவை எல்லோரும் வெளிச்சத்தைத் தங்கள் காலடியில் மட்டும் வைத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தப் புள்ளி மறைந்துவிடக் கூடாதே!

ஒரு சின்ன மரப்பாலம், அதற்குக் கீழே தோட்டத்துக் கால்வாய். பாலத்தில் வழுக்கி மோட்டாரோடு விழுந்திருக்கிறாள். மோட்டார் அவள் கால் மேல் கிடந்தது. தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. மழை இன்னும் கொஞ்சம் பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கையில் சாவியைப் பிடித்திருந்தாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிவதற்காகக் கடையில் அவள் வைத்திருக்கும் குட்டி லைட் அந்தச் சாவிக்கொத்தில் தொங்கியது. சுண்டு விரல் அளவு. அதுதான் எங்களைக் கூப்பிட்ட வெளிச்சம். இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

நான் தண்ணீரில் இறங்கியதும் அவள் செய்த முதல் காரியம், அந்தப் பையை என்னிடம் நீட்டியதுதான். மறுநாள் யாருக்கோ நிச்சயதார்த்தம். தைத்து முடித்த பட்டு ரவிக்கை. 'நனையல, பாத்து வை' என்று ஒற்றைக் கையால் சொன்னாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆனால் வேலை முடியவில்லை. ஆண்கள் மோட்டாரைத் தூக்கும் அதே நேரத்தில் அவள் காலை இழுத்துக்கொள்ள வேண்டும். முன்னாடியே இழுத்தால் கால் கிழியும். தாமதித்தால் சேற்றில் நின்றுகொண்டு அவர்களால் பாரத்தைப் பிடித்திருக்க முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கத்தினால் எல்லோருக்கும் கேட்கும், அவளுக்குக் கேட்காது.

சாவிக்கொத்திலிருந்த குட்டி லைட்டை வாங்கி என் வாயில் கவ்விக்கொண்டேன். அது என் விரல்களுக்கு மட்டும் வெளிச்சம் காட்டியது. அவள் கண் என் கையை விட்டு நகரவில்லை. மற்றவர்களும் என் கையையே பார்த்தார்கள். ஒரு விரல் நீட்டினேன். ஆண்கள் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். இரண்டாவது விரல். மூன்றாவது விரலை நீட்டியதும் மோட்டார் மேலே போனது, அவள் கால் வெளியே வந்தது. பாக்சிக் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கரையில் உட்கார வைத்துவிட்டார். அவருடைய சாரம் முழுக்கச் சேறு. "அல்ஹம்துலில்லா," என்றார். பால் மரம் வெட்டுகிற அண்ணன் "முருகா" என்றார். என் வீட்டுக்காரர் தங்கையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தோட்டத்திலிருந்து அவளை வெளியே கொண்டுவந்தது ஒரு ஊர்வலம் மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரரும் பால் மரம் வெட்டுகிற அண்ணனும் கைகளைக் கோத்து நாற்காலி போலச் செய்து அவளை உட்கார வைத்துத் தூக்கினார்கள். ரோட்டுக்கு வந்தபோது பொம்பா வண்டியும் ஆம்புலன்சும் வந்துகொண்டிருந்தன. எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் வெளியே நின்றிருந்தார்கள். அவள் மேலே உட்கார்ந்தபடி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அவர்களும் கையைத் தூக்கி ஆட்டினார்கள். காது கேட்காதவர்கள் கைதட்டுவது அப்படித்தான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பட்டு ரவிக்கை மறுநாள் காலையிலேயே, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவள்தான் எங்கள் வரிசைக்கே ராணி. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கையாலேயே கதை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கால்வாய் கொஞ்சம் ஆழமாகும், மோட்டார் கொஞ்சம் பெரிதாகும். பயந்துதான் லைட்டை அணைத்தாளாம். வெள்ளையாக ஏதோ நெருங்கி வந்தது மட்டும்தான் தெரிந்ததாம். பிறகு தூரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சமும், அதற்குள் பைத்தியம் மாதிரி ஆடுகிற அண்ணியும் தெரிந்தபோதுதான் உயிர் வந்ததாம். நான் ஆடியதை அவள் ஆடிக் காட்டினால் வீடே சிரிக்கும். அன்றைக்குத் தேடி வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைத்தாள். பாக்சிக்கின் பெயர் மீசையை முறுக்குவது. பால் மரம் வெட்டுகிற அண்ணனின் பெயர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்குவது. தங்கள் பெயரைக் கற்றுக்கொண்டவர்கள் அதோடு நிற்கவில்லை. சாப்பிட்டாயா, எங்கே போகிறாய், மழை வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்கள். இப்போது எங்கள் வரிசையில் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று அவளோடு கதை பேசாத வீடு கிடையாது.

கட்டுப் பிரித்த சில நாட்களிலேயே மோட்டாரை எடுத்துவிட்டாள். அண்ணன் தடுத்துப் பார்த்தார். அவள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலேயே கிளம்பிப் போய்விட்டாள். முகத்தைப் பார்க்காவிட்டால் அவரால் திட்ட முடியாது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

என்னோடு வேலை செய்கிறவர்கள் டார்ச்லைட் வாங்கப்போகும்போது எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று என்னைக் கேட்கிறார்கள். இந்தக் கதை தெரிந்தவர்கள், வாங்காவிட்டாலும் சும்மாவே கேட்பார்கள். தோட்டத்துக்குள் தூரமாகப் பார்க்க வேண்டுமென்றால் பெரியது வாங்குங்கள், தப்பில்லை, ஆனால் குறைத்து வைக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள் என்பேன். பை தேட, பூட்டுத் திறக்க, படி பார்த்து இறங்க, தூங்குகிறவரை எழுப்பாமல் தண்ணீர் குடிக்க, விரல் அளவு லைட் போதும். தினப்படி வாழ்க்கையில் நமக்கு வேண்டியதெல்லாம் பெரும்பாலும் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

பெரிய வெளிச்சங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நாங்கள் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அவ்வளவு பெரிய தோட்டத்து இருட்டில் ஒருத்தி 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொன்னதை எங்களால் கேட்க முடிந்தது என்பதே என் வாழ்க்கையில் நான் கண்ட பெரிய வெற்றி.